பிரியும் நாடா

பனியன் துணியை விரலகலப் பட்டையாகக் குறுக்கே வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அது தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். யாரும் முறுக்க வேண்டியதில்லை. கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் எந்தத் துண்டை எடுத்தாலும் இது நடக்கும். எங்கள் தொழில் அதிலிருந்துதான் தொடங்கியது.

எங்கிருந்து வேண்டுமானாலும் சொல் என்று நீங்கள் சொன்னதால் அங்கிருந்து தொடங்குகிறேன், ஐயா. ஆனால் எதற்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூபாலனை நீங்கள் விட்டுவிட வேண்டும். ஜெயபாண்டியின் சாவுக்கு அவர் காரணமில்லை. போன முறை நீங்கள் கூப்பிட்டு, அந்த நாடாவைக் காட்டி, இது எப்படி என்று கேட்டபோது இதே நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினேன். அன்று சொன்னதில் எல்லாமே உண்மை, ஒரு பெயரைத் தவிர.

என் பெயர் வேல்குமார். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக்காக இருந்தேன். மிஷின் மக்கர் செய்தால் டெய்லர்கள் அதைத் திட்டுவார்கள். எனக்கு அப்போதுதான் அதன்மேல் பிரியம் வரும். ஓடாததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். கிடைத்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருக்கும். வீட்டுக்கு வந்து என் மனைவி சத்யப்பிரியாவிடம் சொல்வேன். அரிசி களைந்துகொண்டே கேட்பாள். நடுவில் சரியான இடத்தில் ஒரு கேள்வி போடுவாள். அதனால் உண்மையாகவே கேட்கிறாள் என்று தெரியும்.

கம்பெனியை மூடியபோது எங்களுக்குப் பெரிய அதிர்ச்சியில்லை. சத்யப்பிரியா அதற்கு முன்பே வேஸ்ட் துண்டுகளைக் கயிறாக இழுத்து, குரோஷா ஊசியால் செல்போன் பை பின்னத் தொடங்கியிருந்தாள். படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். ஆனால் முதலில் வாங்கியவர்கள் தெருக்கோடியில் இருக்கும் லேடீஸ் ஹாஸ்டல் பெண்கள்தான். வேலை நேரத்தில் போடும் கம்பெனி கோட்டில் பாக்கெட் கிடையாது. போனை மேசையில் வைத்தால் துணிக்கட்டோடு எங்காவது போய்விடும். ஊரில் விட்டுவந்த பிள்ளை கூப்பிட்டால் எடுக்க வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர்கள்தான் கேட்டார்கள். ரிப் துணியில் குழாய்போலத் தைத்துக் கொடுத்தோம். டீ-சர்ட்டின் கழுத்துக்குப் போடுவார்களே, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் துணி, அதுதான் ரிப். கழுத்தை உறுத்தாது.

ஒரு நாள் சத்யப்பிரியா ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தபோது அவள் போட்டிருந்த நாடா மிஷின் சக்கரத்தில் சிக்கியது. அவளை அப்படியே இழுத்து, நெற்றியை மேசையில் மோதவைத்தது. அதற்குள் போனை மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்ததால் தப்பினாள். நான் ஓடிவந்து பார்த்தபோது நெற்றி புடைத்திருந்தது. அவள் சிரித்தாள்.

"ஒண்ணும் ஆகலீங்க. மிசினு ஆசையா ஒரு முத்தம் குடுத்துட்டு உட்டுருச்சு. நீங்க ஏனுங்க இப்புடி வேர்க்கறீங்க?"

அந்த நாடா கொக்கியின் தரக்குறைவால்தான் அவளை விட்டது. நல்ல கொக்கியாக இருந்திருந்தால் விட்டிருக்காது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைப் பொறுமையாகக் கேளுங்கள். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று ஓடிவந்துவிடும். தவறான முனையைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும், கத்தரிக்கோல்தான் வேண்டும். ஒற்றை நூல் செயின் தையலின் குணம் அது. தைத்து முடித்த முனையிலிருந்து இழுத்தால் பிரியும். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் பிரியாது. நான் ஒரு பழைய மூட்டை தைக்கும் மிஷினை வாங்கினேன். நாடாவின் இரண்டு நுனிகளும் பிடரியில் சேரும் இடத்தை அதில் தைத்தேன். தையல் முடியும் முனையில் மிஞ்சும் நூலை வெட்டாமல் நாடாவின் உள்ளே கீழே இறக்கி, போன் மாட்டும் வளையத்தில் முடிச்சிட்டேன். இப்போது பாருங்கள். ரிப் துணி நீளும், நூல் நீளாது. போனின் எடைக்கு நாடா அவ்வளவாக நீளாது. உள்ளே நூல் தளர்ந்தே கிடக்கும். ஏதாவது ஒன்று வெடுக்கென்று இழுத்தால் துணி நீளும், நூல் விறைக்கும், பிடரித் தையலை அதுவே பிரித்துவிடும். கழுத்திலிருந்து நாடா நழுவி விழும். எது இழுக்கிறதோ அந்த இழுப்பே ஆளை விடுவிக்கும்.

என் வாழ்க்கையில் நானாகச் செய்த ஒரே பொருள் அது. மற்றதெல்லாம் யாரோ செய்ததை நான் சரிசெய்தது.

சத்யப்பிரியாவுக்கும் தைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒருமுறை அவள் பேச்சு மும்முரத்தில் நாடாக்களைத் திருப்பிப் பிடித்துத் தைத்துவிட்டாள். தொடங்கும் முனையின் நூல் உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுவர் ஆணியில் மாட்டி இழுத்தேன். பிரியவில்லை, இறுகியது. எல்லாவற்றையும் வெட்டிப் போட்டேன்.

"இத்தினியூண்டு விசயத்துலயாங்க உசுரு இருக்குது?" என்றாள்.

ஆமாம் என்றேன். அதன்பின் அவள் ஒருபோதும் மாற்றித் தைத்ததில்லை.

ஜெயபாண்டி எங்கள் பக்கத்து லைன் வீட்டில் இருந்தான். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மனைவி நதியா, பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை. காம்பாக்டிங் கம்பெனி ஒன்றில் மிஷின் ஓட்டினான். பனியனைத் துவைத்தால் சுருங்குமில்லையா, அப்படிச் சுருங்காமலிருக்கத் துணியையே முன்கூட்டிச் சுருக்கிவிடுவது காம்பாக்டிங். ஆவியில் நனைந்த துணி சூடான உருளைகளுக்கு நடுவே போய்வரும். மடிப்பு விழாமல் நுழைகிறதா என்று ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டே, கையால் நீவிவிட வேண்டும். அதுதான் அவன் வேலை. என் நாடாவை எங்களிடம் வாங்கிய நாளிலேயே அதைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு நிறம் போதும். அவன் உட்கார்ந்து, பிரித்து, நூலை விரலால் தடவி, மறுபடி தைக்கச் சொல்லி, மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"அண்ணே, இத எவன் கேட்டாலும் சொல்லாதீங்க. நோகாம காப்பியடிச்சுப்புடுவாய்ங்க" என்றான். பிறகு அவனே தன் கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னான்.

கொஞ்ச காலம் நன்றாகப் போயிற்று. பிறகு புகார்கள் வந்தன. குழந்தை இழுத்தால் பிரிகிறது, பஸ்ஸில் கம்பியில் மாட்டினால் பிரிகிறது, போன் கீழே விழுந்து கண்ணாடி போகிறது. பிரிந்தால் எங்களிடம் கொண்டுவந்து தைத்துக்கொள்ள வேண்டும். அது குறையல்ல, அதற்காகத்தான் செய்தது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

அப்போதுதான் பூபாலன் சந்தையில் கடை போட்டார். அதே ரிப் துணி, அதே அகலம், இன்னும் பளிச்சென்ற நிறங்கள், போன் மாட்டும் வளையத்தில் ஒரு குஞ்சம். பிடரியில் மட்டும் சாதாரண லாக் தையல், அதுவும் இரண்டு வரிசை. அறவே அறாது. நான் போய்ப் பேசினேன்.

"பூபாலன், இது ஆளைக் கொல்லுமுங்க" என்றேன்.

அவர் ஒரு பெண்ணுக்கு நாடா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் போகும்வரை காத்திருந்து, மரியாதையாகத்தான் சொன்னார். "ஏனுங்க மெக்கானிக்கரே, நீங்க பெரியவிங்க, கோவிச்சுக்காதீங்க. உங்குளுது அந்து அந்து உழுவுதுன்னு சனங்க சொல்றாங்க. என்னுது உழுவறதில்லீங்க. கயித்த வாங்கறவன் கட்டறதுக்கு வாங்கறானா, அவுக்கறதுக்கு வாங்கறானா, சொல்லுங்க?"

பக்கத்தில் பொரி விற்பவர் சிரித்தார். நான் செயின் தையலைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். பூபாலன் பாதிவரை கேட்டார். "சரிங்க, சரிங்க. நெம்ப நல்ல ரோசனைங்க. ஆனா அத நீங்க பக்கத்துல நின்னு சொன்னாத்தானுங்க வெளங்குது. எல்லாத்துக் கழுத்துலயும் நீங்களும் சேந்து தொங்க முடியுமாங்க?"

இந்த முறை பொரிக்காரர் மட்டுமல்ல, இன்னும் சிலர் சிரித்தார்கள். பூபாலன் கெட்ட மனிதரல்ல. நகைச்சுவையாகத்தான் சொன்னார். சத்யப்பிரியாவும் வீட்டில் கிட்டத்தட்ட அதையே சொன்னாள். "நாமளும் சாதா தையலே போட்டுக் குடுத்தர்லாமுங்க. கேக்கறத குடுக்கறதுக்கு என்னங்க?" நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளிடம் முதன்முறையாகக் குரலை உயர்த்தினேன். அவள் நெற்றியில் பட்ட அடியைச் சொல்லித்தான் சண்டை போட்டேன். அவளுக்காகத்தான் பேசுகிறேன் என்று அப்போது நம்பினேன்.

அதன்பின் காத்திருக்கத் தொடங்கினேன். எதற்கு என்று எனக்கே உடனே தெரியவில்லை. டீக்கடையில் யாராவது கம்பெனியில் அடிபட்டது என்று பேசினால் பக்கத்தில் போய் உட்காருவேன். கையா, கழுத்தா என்று கேட்பேன். கை என்றால் எழுந்துவிடுவேன். பூபாலனின் நாடா ஊர் முழுவதும் தொங்கியது, ஒன்றும் நடக்கவில்லை. கணக்குப்படி அது ஆச்சரியமில்லை. ஓவர்லாக், ஃபிளாட்லாக் போன்ற தையல் மிஷின்கள் பெரும்பாலும் நெற்றியைப் புடைக்கவைக்கும், அவ்வளவுதான். கொல்வதற்கு உருளை வேண்டும். உருளைக்கு முன்னால் குனிகிறவன் வேண்டும். அப்படிக் குனிகிறவர்களில் எனக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் கழுத்தில் என் நாடா இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவன் வந்தான். கையில் பூபாலனின் நாடா. கிளிப்பச்சையும் மஞ்சளும், வளையத்தில் குஞ்சம். சந்தையில் அவன் மகள் அடம்பிடித்து வாங்கச் சொன்னதாம்.

"பாப்பா செலக்சன். போடலன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேங்குது. அண்ணே, வையாதீங்க. பின்கழுத்துல மட்டும் உங்க தையலப் போட்டுக் குடுங்க. கலரு அவன்து, உசுரு உங்களுது. சரியா?"

சரி என்றேன். பூபாலனின் தையலைப் பிரித்தேன். வளையத்தையும் பிரித்து உள்ளே நூல் போக வழி செய்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து, மகள் பள்ளியில் ஆடப்போகும் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கரகம் வைக்கச் சொல்கிறார்களாம், பாப்பாவின் தலையில் அது நிற்காதாம். சத்யப்பிரியா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். நாடாவை மிஷினுக்கு அடியில் வைத்தேன். எப்போதும் வைக்கும் பக்கமாகத்தான் முதலில் வைத்தேன். பிறகு திருப்பி வைத்தேன்.

அது கைதவறி நடந்ததல்ல. என் கைகள் அந்த வேலையைத் தவறாகச் செய்யாது. திருப்பி வைப்பதற்கு ஒரு முடிவு வேண்டும். அந்த முடிவை நான் எடுத்தேன். தைத்து, தொடங்கிய முனையின் நூலை உள்ளே இறக்கி, முடிச்சிட்டு, வெளியே தெரிந்த நூலை வெட்டினேன். அவன் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"சும்மா ஒருக்கா இழுத்துப் பாத்துரவாண்ணே?"

"வேண்டாம்டா. பிரிஞ்சா மறுபடி நாந்தானே தைக்கோணும்" என்றேன்.

"அதுஞ்சரிதான்" என்று சிரித்தான். டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் மறுநாளே சாகவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பல நாட்கள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான், வந்தான். காலையில் குழாயடியில் பல் தேய்க்கும்போது பார்ப்பேன். கழுத்தில் கிளிப்பச்சை இருக்கும். "என்னண்ணே, அப்படிப் பாக்குறீங்க? அவன் சரக்கப் போட்டதுக்கு இன்னும் கோவமா?" என்று கேட்பான். கொடு, ஒரு தையல் விட்டுப்போச்சு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஒவ்வொரு காலையும் அந்த நிமிடம் என்னிடம் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். சில நாள் அப்படி நினைக்கவும் இல்லை. அவன் வண்டிச் சத்தம் சாயங்காலம் கேட்டால் நெஞ்சில் ஏதோ இறங்கும். அது நிம்மதி என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு மடிப்பைப் பிரிக்கக் குனிந்தான். உள்ளே சூடு அதிகம் என்பதால் சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டிருந்தான். போன் முன்னால் ஆடியது. குஞ்சம் துணியோடு ஒட்டி உருளைக்குள் போனது. காம்பாக்டிங் மிஷின் வேகமாக ஓடாது, ஐயா. நிதானமாகத்தான் இழுக்கும். ரிப் துணி என்பதால் முதலில் நீண்டிருக்கும். நூல் விறைத்திருக்கும். பிரியப்போகிறது என்று அவன் நினைத்திருப்பான். அவனுக்கு அந்த வழிமுறை தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் கையால் கழற்ற முயன்றிருக்க மாட்டான். காத்திருந்திருப்பான். இதை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தெரியாதவன் என்றால் கத்தியிருப்பான், பிய்த்திருப்பான்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். கம்பெனிக்காரர்கள் நாடாவைத்தான் குற்றம் சொன்னார்கள். பூபாலன், நாடா என்னுடையது, தையல் என்னுடையதில்லை என்று அழுதுகொண்டிருந்தார். நான் அந்த வெட்டுப்பட்ட துண்டைக் கையில் வாங்கி, செயின் தையல் எப்படிப் பிரியும், எப்படி இறுகும் என்று சொன்னேன். உள்ளே இருந்த நூலை இழுத்துக் காட்டினேன். என் முறையைப் பார்த்துக் காப்பியடிக்கப் போய், எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பூபாலன் திருப்பித் தைத்துவிட்டார் என்றேன். நீங்கள் தலையாட்டி எழுதிக்கொண்டீர்கள். நல்லாப் புரியும்படி சொன்னீங்க என்றீர்கள். வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கம்பெனிகளிலிருந்து ஆள் வந்தார்கள். பிரியும் நாடா இருந்தால்தான் போனை உள்ளே விடுவோம் என்றார்கள். சத்யப்பிரியா உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். அவர்களுக்கு எந்த முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவளே கற்றுக்கொடுத்தாள். "தப்பாத் தெச்சா என்ன ஆகும்னு நம்ம பக்கத்தூட்டுலயே பாத்தோமல்ல" என்று அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கிருத்திகைதோறும் மலைக்கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். உடம்பு சரியில்லை என்றேன். அது பொய்யுமல்ல. எந்த மிஷினின் சத்தத்தையும் என்னால் இப்போது கேட்க முடிவதில்லை. ஆனால் இதெல்லாம் என்னை இங்கே கொண்டுவரவில்லை. உள்ளே இருக்கும் பூபாலனும்கூட இல்லை. அதையும் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று மத்தியானம் நதியா வந்தாள். லைன் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போகிறாள். சொல்லிவிட்டுப் போக வந்தவள், வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த நாடாவ உங்ககிட்ட தைக்கக் குடுக்கணும்னு எடுத்து வச்சிருந்தாரு. குடுத்தாரா?"

சத்யப்பிரியா தையல்நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அன்று டீ போட்டவள் அவள். நான் எந்த நாடாவைத் தைத்தேன் என்று அவள் பார்க்கவில்லை, ஆனால் இருந்திருந்தால் அவன் தைக்க வந்ததைச் சொல்லியிருப்பாள். நான் இல்லம்மா என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அப்ப நாந்தாண்ணே. ஒரு நா காலையில, தைச்சதா தைக்காததான்னு கேக்கக்கூடச் செய்யாம, புள்ள ஆசைப்பட்டு வாங்குனத போட்டுட்டுப் போங்கன்னு நாந்தான் எடுத்து மாட்டிவிட்டேன். அன்னையிலருந்துதான் அதப் போட ஆரம்பிச்சாரு. நா மாட்டிவிடலன்னா உங்ககிட்ட குடுத்திருப்பாரு. நீங்க தைச்சிருந்தா அவரு இருந்திருப்பாரு."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் வரவில்லை.

"பாப்பா இப்பவே கேக்குதுண்ணே, நா வாங்கச் சொன்னதுனாலயா அப்பா செத்துச்சுன்னு. நா என்னத்தச் சொல்ல? அது இல்ல கண்ணு, அம்மாதான்னு சொல்லிருக்கேன்."

அவள் போய்விட்டாள். இரவு முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு இங்கே வந்தேன்.

ஒன்றை நீங்கள் கேட்பீர்கள், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அவனைக் கொல்ல நான் நினைக்கவில்லை, பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்குள் வைத்திருந்தேன். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அந்த மிஷினின் முன்னால் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். உடம்பு அதில் பட்டால் மிஷின் நின்றுவிடும். அவன் கழுத்து இழுபட்டவுடன் மார்பு கம்பியில் மோதும், மிஷின் நிற்கும், காயத்தோடு பிழைப்பான். பிழைத்தவன் ஊரெல்லாம் சொல்வான், பேசத் தெரிந்தவன், அவன் பேச்சை எல்லோரும் நம்புவார்கள். இப்படி.

ஆனால் அந்தக் கம்பி கட்டப்பட்டிருந்தது. மிஷின் நடுவில் நின்றால் ஆவியில் நனைந்த துணியில் ஒரு கோடு விழுந்துவிடும், அந்தத் துணி ரிஜெக்ட். அதனால் கம்பி அசையாதபடி பனியன் துண்டால் இறுக்கிக் கட்டிவைத்துத்தான் அங்கே ஓட்டுவார்கள். உங்கள் ஆட்கள் போவதற்குள் அவிழ்த்திருப்பார்கள். என் நாடாவை மேனேஜரிடம் காட்டுவதற்காக நான் அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஜெயபாண்டிதான் உள்ளே கூட்டிப்போனான். கட்டியிருந்ததைப் பார்த்தேன். ஏண்டா இப்படி என்று கேட்டேன். "கோடு விழுந்தா கம்பிக்குப் பதிலா என்னையக் கட்டிப் போட்டுருவாய்ங்கண்ணே" என்றான். அவன் மழைச் சாயங்காலம் வருவதற்கு முன்பு நடந்தது அது.

அதையும் விடுங்கள். மறந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பிடரியில் தைத்தது நான். அவன் பிழைத்திருந்தால் முதலில் என்னிடம்தான் வந்து கேட்டிருப்பான், அண்ணே, உங்க தையல் ஏன் பிரியல என்று. அவன் பிழைத்தால் பூபாலன் மாட்டமாட்டார், நான்தான் மாட்டுவேன். இது புரிய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. திருப்பி வைத்தபோதே எனக்கு இது தெரிந்திருந்தது. அவன் பிழைக்கக் கூடாது என்றுதான் தைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஜெயபாண்டியைக் கொன்றது நான். நதியாவின் பஸ் இன்று சாயங்காலம்தான். அதற்குள் யாரையாவது அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவள் மாட்டிவிட்ட காலையில் அது தைத்த நாடாதான். ஜெயபாண்டி என்னிடம் கொடுத்தான். கொடுக்க அவன் மறக்கவில்லை. பாப்பாவிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். இன்னும் ஒன்று மட்டும், ஐயா. நீங்கள் பார்த்ததெல்லாம் அந்தத் திருப்பித் தைத்த ஒன்றுதான். அதை வைத்து என் நாடாவைப் பற்றி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சரியாகத் தைத்த ஒன்றைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு நிமிடம் ஆகாது. உங்கள் கழுத்தில் போட்டு ஒருமுறை இழுத்துக் காட்டட்டுமா?